உடைக்கச் சொன்ன தட்டு

அமெரிக்காவிலிருந்து பெட்டி வந்தால் எங்கள் வீட்டில் முதலில் அதை முகர்ந்து பார்ப்பார்கள். சாக்லேட் வாசனை வந்தால் பெட்டி என் கைக்கு வராது. வராவிட்டால், 'உங்களுக்குத்தான் ஏதோ' என்று என் பக்கம் தள்ளிவிடுவார்கள். போன மாதம் அண்ணன் மகன் கொண்டுவந்த பெட்டி அப்படித்தான் என்னிடம் வந்து சேர்ந்தது. உள்ளே மூன்று ஸிடி. கூடவே நோட்டுப் புத்தகம் கனத்துக்கு ஒரு கையேடு. அட்டையில் யூனிஃபார்ம் போட்ட ஆசாமிகள் வரிசையாக உட்கார்ந்து கன்னம் உப்ப ஊதிக்கொண்டிருந்தார்கள்.

''யுத்த காலத்து ஜாஸ், சித்தப்பா. பழைய ரிக்கார்டுகளைத் தேடிப் பிடிச்சு, கீறல் சத்தத்தையெல்லாம் துடைச்சு, மறுபடி வெளியிட்டிருக்காங்க.''

''இதுக்கா இவ்வளவு தூரம் தூக்கிட்டு வந்தே? எல்லாப் பாட்டும் போன்லயே வருதே!'' என்றாள் என் மனைவி.

நியாயமான கேள்வி. எனக்கும் பதில் தெரியவில்லை. ராத்திரி கையேட்டைப் புரட்டியபோதுதான் தெரிந்தது, இவை யார் காதிலும் மறுபடி விழவே கூடாது என்று ஒப்பந்தம் போட்டு, சர்க்காரே உடைத்துப்போட்ட பாட்டுகள் என்று. உடைத்த பாட்டு எப்படிச் செங்கல்பட்டு வரைக்கும் வந்தது? அந்தக் கதையைத்தான் இந்த வாரம் சொல்லப் போகிறேன்.

*

ஜாஸ் என்றதும் பக்கத்தைப் புரட்டப் பார்க்கும் வாசகர்கள் ஒரு நிமிஷம் பொறுக்கவும். பிக் பேண்டு என்பது ஒன்றும் புரியாத வஸ்து அல்ல. நம் ஊர் கல்யாண பாண்டு வாத்தியத்துக்குக் கோட்டுப் போட்டு, நாற்காலி கொடுத்து உட்காரவைத்து, பக்கத்தில் ஒரு பியானோவையும் நிறுத்திவிட்டால் ஏறக்குறைய வந்துவிடும். பதினைந்து, பதினாறு பேர். டிரம்பெட் கட்சி ஒரு கேள்வி கேட்கும். சாக்ஸஃபோன் கட்சி பதில் சொல்லும். நடுவில் ஒருவர் எழுந்து நின்று, எழுதி வைத்ததையெல்லாம் மறந்துவிட்டு, தன் மனசுக்குத் தோன்றியதை ஊதுவார். நம்மிடம் அதற்குக் கற்பனை ஸ்வரம் என்று பெயர். அவர் உட்கார்ந்ததும் எல்லாருமாகச் சேர்ந்து ஒரு தீர்மானம் வைத்த மாதிரி முடிப்பார்கள். பின்னால் டிரம்ஸ்காரர், தவில்காரரைப் போலவே, கடைசிவரை வேர்த்து வழிந்துகொண்டிருப்பார்.

1935-லிருந்து 1945 வரை அமெரிக்காவே இதற்குத்தான் ஆடியது. நமக்கும் இது அந்நியமில்லை. 'புதிய பறவை' (1964) படத்தில் விஸ்வநாதன் - ராமமூர்த்தி அத்தனை பித்தளையையும் ஒரே சமயத்தில் ஊதவிட்டபோது நாம் விசிலடிக்கவில்லையா? அதன் பெரியப்பா மகன்தான் இந்தச் சங்கீதம்.

*

இனி கதைக்கு வருவோம். 1942 ஆகஸ்டு முதல் தேதி அமெரிக்க வாத்தியக்காரர்கள் சங்கம் ஸ்டிரைக் அறிவித்தது. தலைவர் ஜேம்ஸ் பெட்ரில்லோ, மகா பிடிவாதக்காரர். அவர் வாதம் ரொம்ப எளிமையானது. 'நாங்கள் ஒரு நாள் கூலிக்கு வாசித்துக் கொடுக்கிறோம். அந்தத் தட்டை ரேடியோக்காரனும் ஹோட்டல்காரனும் வருஷம் பூரா ஓட்டிக் காசு பார்க்கிறான். எங்களைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்ல ஆளில்லை. எங்கள் தலையில் நாங்களே மண்ணைப் போட்டுக்கொள்ள மாட்டோம். தட்டு விற்கிற கம்பெனி சங்கத்துக்கு ஒரு பங்கு தரட்டும்!'

இதைப் படித்ததும் எனக்குச் சட்டென்று நம் நாதஸ்வரக்காரர்கள் ஞாபகம் வந்தது. மைக்செட் வந்தபிறகு எத்தனை கல்யாணத்தில் அவர்களை முகூர்த்தத்துக்கு மட்டும் கெட்டிமேளம் கொட்டச் சொல்லிவிட்டு, மீதி நேரத்துக்கு ரிக்கார்டு போட்டோம்! நம் ஊரில் பெட்ரில்லோ பிறக்கவில்லை. பிறந்திருந்தால் பந்தலில் பாதிப்பேர் தாலி கட்டும் நேரம் தெரியாமல் முழித்திருப்பார்கள்.

கம்பெனிகள் சும்மா இருக்குமா? பாடகர்கள் அந்தச் சங்கத்தில் உறுப்பினர்கள் இல்லை. ஆகவே வாத்தியமே இல்லாமல், பின்னால் ஒரு கோஷ்டியை 'ஊ... ஊ...' என்று முனகவிட்டு ரிக்கார்டு போட்டார்கள்! டெக்கா கம்பெனி 1943 செப்டம்பரில் பணிந்தது. பெரிய கம்பெனிகளான விக்டரும் கொலம்பியாவும் 1944 நவம்பர் வரை தாக்குப் பிடித்தன. இரண்டு வருஷத்துக்கும் மேல், உச்சத்தில் இருந்த சங்கீதத்துக்கு அந்தப் பெரிய கம்பெனிகளில் புதுப் பதிவு கிடையாது.

அதே சமயம் கடல் கடந்து போயிருந்த லட்சக்கணக்கான சிப்பாய்கள், 'குண்டு போதும், கொஞ்சம் பாட்டும் அனுப்புங்களேன்' என்று ஏங்கினார்கள். ராபர்ட் வின்சென்ட் என்ற ராணுவ அதிகாரி பெட்ரில்லோவிடம் போய் நின்றார். அந்தப் பிடிவாதக்காரர் சிப்பாய்களுக்காக மட்டும் இறங்கிவந்தார். நிபந்தனைகள்: காசு வாங்கக் கூடாது, ஒரு தட்டுகூட வெளியே விற்கக் கூடாது, வேலை முடிந்ததும் எல்லாவற்றையும் அழித்துவிட வேண்டும். இப்படித்தான் 1943 அக்டோபரில் 'வி-டிஸ்க்' பிறந்தது. 'வி' என்றால் விக்டரி, வெற்றி.

டியூக் எல்லிங்டன், கவுண்ட் பேஸி, பென்னி குட்மன், க்ளென் மில்லர் என்று பெரிய தலைகள் எல்லாரும் இதற்காக வாசித்தார்கள். பலர் வாசிப்பதற்கு முன்னால் மைக்கில், 'பையன்களா, சௌக்கியமா?' என்கிற தோரணையில் இரண்டு வார்த்தை பேசினார்கள். கடைத் தட்டு ஒரு பக்கத்துக்குச் சுமார் 3 நிமிஷம்தான் ஓடும். இது 12 அங்குலம், பள்ளங்களும் நெருக்கம். ஆறு நிமிஷத்துக்குமேல் ஓடும். வழக்கமாகக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே ஊதுகிறவர்கள் இதில் ஆற அமர ஊதினார்கள். அதனால்தான் ரசிகர்கள் இன்றைக்கும் இதைத் தேடி அலைகிறார்கள்.

*

மூன்று ஸிடியில் எனக்குப் பிடித்த சங்கதி ஒரு குடும்பச் சண்டை. ஜிம்மி டோர்ஸி அண்ணன், டாமி டோர்ஸி தம்பி. இருவரும் சேர்ந்து ஒரு கோஷ்டி நடத்தினார்கள். 1935-ல் ஒரு நாள் மேடையில், பாட்டை என்ன வேகத்தில் எடுப்பது என்று தகராறு. தம்பி கோபித்துக்கொண்டு, ஜனங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மேடையை விட்டு இறங்கிப் போய்விட்டார். (காலப்பிரமாணத்துக்காகப் பிரிந்த அண்ணன் தம்பிகளை நம் சபாக்களில்கூடப் பார்த்ததில்லை. நம் ஆட்கள் வரப்புத் தகராறுக்குத்தான் பிரிவார்கள்.) இரண்டு பேரும் தனித்தனி கோஷ்டி வைத்து இருவருமே பணக்காரர்கள் ஆனார்கள். பத்து வருஷம் கழித்து, 1945-ல், இரண்டு கோஷ்டியும் ஒன்றாக உட்கார்ந்து வாசித்தது சிப்பாய்களுக்கான வி-டிஸ்க்கில்தான். அத்தனை பித்தளையும் ஒரே அறையில்! என் ஸ்பீக்கர் ஒரு தரம் தும்மிவிட்டு அப்புறம்தான் பாடியது.

இன்னொன்று மனசைப் பிசைந்தது. ஃபேட்ஸ் வாலர் என்ற குண்டு மனிதர், பியானோவில் சிரிப்பு மூட்டத் தெரிந்தவர். 1943 செப்டம்பரில் வி-டிஸ்க்குக்கு வாசித்தார். கலகலவென்று பேசிக்கொண்டே வாசிக்கிறார். டிசம்பர் 15-ம் தேதி, ஊர் திரும்பும் வழியில் ரயிலிலேயே நிமோனியாவில் இறந்துபோனார். வயது 39. சரியாக ஒரு வருஷம் கழித்து, 1944 டிசம்பர் 15 அன்று, க்ளென் மில்லர் இங்கிலாந்திலிருந்து பாரிஸுக்கு ஒற்றை எஞ்சின் விமானத்தில் கிளம்பினார். விமானமும் கிடைக்கவில்லை, ஆளும் கிடைக்கவில்லை.

அந்த மில்லர் செய்த ஒரு வேலையைக் கேளுங்கள். 1944 அக்டோபர், நவம்பரில் லண்டன் அபே ரோடு ஸ்டூடியோவில் (பிற்பாடு பீட்டில்ஸ் பாடிய அதே இடம்) ஜெர்மன் சிப்பாய்களுக்காக நிகழ்ச்சிகள் ரிக்கார்டு செய்தார். எதிரிக்குப் பாட்டு! தனக்குத் தெரியாத ஜெர்மன் பாஷையில், சொல்லிக்கொடுத்ததைச் சொல்லிக்கொடுத்த மாதிரியே மைக்கில் பேசினார். ஹிட்லர் ஆட்சி ஜாஸை இழிந்த சங்கீதம் என்று ஒதுக்கிவைத்திருந்தது. ஆனால் அவர்களுடைய பிரசார மந்திரி கோயபல்ஸ், வெளிநாட்டு ஒலிபரப்புக்காக ரகசியமாக ஒரு ஜாஸ் கோஷ்டியையே வைத்து நடத்தினார்! மில்லரின் அந்த நிகழ்ச்சிகள் ஐம்பது வருஷம் தூங்கி, 1990-களின் மத்தியில்தான் ஸிடியாக வெளிவந்தன. அவர் அங்கே ஊதிக்கொண்டிருந்த அதே 1944 அக்டோபரில், இங்கே தீபாவளிக்கு 'ஹரிதாஸ்' ரிலீஸாகி பாகவதர் பாட்டுக்கு ஊரே கிறங்கிக்கொண்டிருந்தது. நமக்கும் யுத்த ரேஷன் இருந்தது. ஃபிலிம் தட்டுப்பாட்டினால் எந்தப் படமும் 11,000 அடிக்குமேல் போகக் கூடாது என்று 1943-ல் உத்தரவு. அதற்கு முன் ஐம்பது பாட்டு வைத்த படாதிபதிகள் கத்தரிக்கோலைத் தேடி ஓடினார்கள்.

*

தட்டுப்பாடு என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் காலத்து கறுப்புத் தட்டு எதனால் ஆனது தெரியுமோ? அரக்கு! பாண்டவர்களைக் கொளுத்தப் பார்த்த மாளிகையும் இதே சரக்குதான். புரசு, இலந்தை மாதிரி மரக்கிளைகளில் கடுகளவு பூச்சிகள் லட்சக்கணக்கில் ஒட்டிக்கொண்டு கக்குகிற பிசின். உலகத்துக்கே இது பெரும்பாலும் சோட்டா நாக்பூர்ப் பக்கத்துக் காடுகளிலிருந்து போனது. அதில் கல் பொடியையும் கரியையும் கலந்து அழுத்தினால் இசைத்தட்டு. நியூயார்க்கில் எவனோ டிரம்பெட் ஊத, இங்கே ஒரு பழங்குடிப் பெண் மரமேறி அரக்குச் சுரண்ட வேண்டியிருந்தது. தட்டின் உறையில் அவள் பேர் மட்டும் இருக்காது.

யுத்தம் வந்ததும் கப்பல் வருவது சந்தேகமாயிற்று. வந்த அரக்கையும் ராணுவம் கேட்டது. 1942-ல் அமெரிக்க சர்க்கார் ரிக்கார்டு கம்பெனிகளின் அரக்கு உபயோகத்தில் 70 சதவிகிதத்தை வெட்டியது. 'பழைய தட்டைக் கொண்டுவா, புதுத் தட்டு வாங்கிப் போ' என்றார்கள். நம் ஊரில் பழைய துணிக்கு எவர்சில்வர் பாத்திரம் கொடுப்பார்களே, அந்த வியாபாரம்! வந்த பழசையெல்லாம் உருக்கினார்கள். அதில் என்னென்ன குரல்கள் போயினவோ. புதுப் பாட்டுக்காகப் பழைய பாட்டைத் தின்ற காலம் அது.

வி-டிஸ்க்குக்கு மட்டும் அரக்குக்குப் பதில் பெரும்பாலும் வினைல் பிளாஸ்டிக் போட்டார்கள். கப்பலில் உருண்டாலும் உடையாது. மொத்தம் 900-க்கும் மேற்பட்ட தட்டுகள், 80 லட்சம் பிரதிகள்.

1949-ல் கடையைக் கட்டினார்கள். பெட்ரில்லோவுக்குக் கொடுத்த வாக்குப்படி மூலத் தட்டுகளையும் அச்சுகளையும் உடைத்தார்கள். சிப்பாய்கள் மூட்டைக்குள் ஒளித்துக் கொண்டுவந்ததைப் பிடுங்க எஃப்.பி.ஐ. வேறு அலைந்தது. 2,500 தட்டுகளைப் பதுக்கிய ஒரு ஆசாமி ஜெயிலுக்கே போனான்!

ஆனால் சிப்பாய் என்பவன் யார்? மேலதிகாரி 'எடு' என்றால் எடுப்பான், 'உடை' என்றால் மட்டும் கொஞ்சம் யோசிப்பான். பரணில் போட்டான், பெண்டாட்டியின் டிரங்குப் பெட்டிக்குள் போட்டான். அவன் பேச்சைக் கேட்டு நடந்திருந்தால் என்னிடம் வந்த ஸிடியில் பாதி காலியாக இருந்திருக்கும்.

*

நம் நாட்டிலும் அப்போது இந்தச் சங்கீதம் நடந்துகொண்டிருந்தது. கல்கத்தா சௌரங்கியில் கிராண்ட் ஹோட்டல். அங்கே டெடி வெதர்ஃபோர்டு என்று ஒரு கறுப்பர் பியானோ வாசித்து ஒரு பெரிய கோஷ்டியை நடத்தினார். 1903-ல் அமெரிக்காவில் பிறந்தவர். சிகாகோவில் லூயி ஆம்ஸ்ட்ராங் இருந்த கோஷ்டியிலேயே வாசித்தவர். 1926-ல் கப்பலேறி ஷாங்காய், பம்பாய், கொழும்பு என்று சுற்றிவிட்டுக் கல்கத்தாவில் தங்கிவிட்டார். கோஷ்டியில் ஆங்கிலோ இந்தியர்கள், ஜப்பான்காரனுக்குப் பயந்து பர்மாவிலிருந்து ஓடிவந்தவர்கள் என்று பல தேசம். டம் டம்மில் இருந்த தொழிற்சாலை அவர் தட்டுகளை அழுத்தித் தள்ளியது. அதுவும் நம் அரக்கில்.

அந்தத் தட்டுகளைக் கேட்டால் காலை ஆட்டாமல் இருக்க முடியாது. ஆனால் வருஷத்தைப் பார்த்தால் கால் நின்றுவிடும். 1943. வங்காளப் பஞ்சம். சுமார் 30 லட்சம் பேர் செத்தார்கள். ஹோட்டலுக்குள் ஆபீஸர்கள் ஆடினார்கள். வெளியே நடைபாதையில் கிராமத்து ஜனங்கள் சோறு கேட்கவில்லை, வடித்த கஞ்சித் தண்ணீர் இருந்தால் ஊற்றச் சொல்லிக் கெஞ்சினார்கள். சங்கீதத்தின் மேல் தப்பில்லைதான். வாசித்தவரும் நடைபாதையைத் தாண்டித்தானே போக வேண்டியிருந்தது? 1945 ஏப்ரல் 25-ம் தேதி வெதர்ஃபோர்டும் அதே கல்கத்தாவில் காலராவில் போனார். வயது 41.

அவருடைய தட்டுகள் மறுபடி வெளிவந்ததும் வெளிநாட்டில்தான். 1980-களில் பிரிட்டனில் ஹார்லெக்வின் என்கிற ஒரு சின்ன லேபிள், இந்தியாவில் பதிவான ஜாஸைத் திரட்டி எல்.பி. போட்டது. அப்புறம் 2012-ல் நரேஷ் ஃபெர்னாண்டஸ் பம்பாய் ஜாஸ் பற்றி 'தாஜ்மஹால் ஃபாக்ஸ்ட்ராட்' என்ற அருமையான புத்தகம் எழுதினார். நம் முதல் தமிழ் பேசும் படமான 'காளிதாஸ்' (1931) ஒரு பிரதிகூட மிச்சமில்லை. அதை உடைக்கச் சொல்லி யாரும் உத்தரவு போடவில்லை. தானாகவே போய்விட்டது. நல்லவேளை, கோட்டையூரில் ரோஜா முத்தையா என்று ஒருவர் இருந்தார். கிடைத்த புத்தகம், நோட்டீஸ், அழைப்பிதழ் எல்லாவற்றையும் வாழ்நாள் முழுக்கச் சேர்த்துவைத்தார். அவை 1994-லிருந்து சென்னையில் ஒரு நூலகமாக நிற்கின்றன. அவர் சேர்த்த காலத்தில் ஊரார் அவரை என்ன சொல்லியிருப்பார்கள் என்று நான் எழுத வேண்டியதில்லை. பரணில் ஏதாவது வைத்திருப்பவர்கள் வீட்டுக்காரியைக் கேட்டால் போதும்.

*

''சத்தத்தைக் கொஞ்சம் கொறைங்க, சீரியல் வசனம் கேக்கல'' என்று உத்தரவு வந்ததால் மீதி ஸிடிகளைக் காரில் கேட்பதாக ஏற்பாடு. எதிர்வீட்டுப் பெரியவரும் கூட வந்தார். ரிடையர்டு ரயில்வே கார்டு. தொண்ணூறைத் தாண்டியவர். செங்கல்பட்டு ஜங்ஷனில் அப்பா பாயிண்ட்ஸ்மேன், மகன் கார்டு. ரயில் சம்பந்தமில்லாத விஷயத்தை அவர் காது வாங்காது. இடது காதில் மெஷின்.

திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போகிற சாலை. முதல் ஸிடி ஓடியது. ஃபேட்ஸ் வாலர் ரயிலில் இறந்த கதையைச் சொன்னேன்.

''ரன்னிங்லயா?''

''ஆமாங்கய்யா.''

''பாவம்.''

''முப்பத்தொன்பது வயசுதான்.''

''அவரச் சொல்லல தம்பி. அந்த வண்டி கார்டைச் சொன்னேன். ரிப்போர்ட் எழுதியே கை ஒடிஞ்சிருக்கும்.''

கொஞ்ச தூரம் பேசாமல் வந்தார். பிறகு விரலால் கதவில் தட்டி, ''இந்த மாதிரி பிளேட்டு ஒண்ணு எங்க வீட்ல இருந்துச்சு'' என்றார்.

நான் வண்டியை ஓரங்கட்டினேன்.

யுத்தம் முடிகிற சமயம். அவருக்குப் பதினொரு வயசு. தனுஷ்கோடி போகிற போட் மெயிலிலும் ஸ்பெஷல் வண்டிகளிலும் சிலோனுக்குப் போகும் பட்டாளத்துக்காரர்கள் செங்கல்பட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். ஒரு ராத்திரி வண்டி நின்றபோது ஒரு சோல்ஜர் ஜன்னல் வழியாக ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிக்கொண்டு, சில்லறை இல்லாமல் ஒரு பெரிய தட்டைக் கொடுத்துவிட்டான்.

''இவ்ளோ அகலம். கீழ போட்டா உடையல. சிவப்பும் நீலமுமா பேப்பர் ஒட்டி, பெருசா 'வி'ன்னு போட்டிருந்துச்சு. அவன் அமெரிக்கனா இங்கிலீஷ்காரனா, எங்கப்பாருக்கு என்ன தெரியும்?''

''கேட்டுப் பார்த்தீங்களா?''

''மெஷினுக்கு எங்க போறது? எங்க அத்தை கல்யாணத்துல மைக்செட்காரன்கிட்ட குடுத்து ஒரே ஒரு தரம் போடச் சொன்னேன். பந்தல்ல அத்தினி பேரும் எழுந்து நின்னுட்டாங்க. எங்க ஆயா, 'எவண்டா அவன், பாத்திரத்த உருட்டறது'ன்னு கத்திச்சு. பாதியில எடுத்துட்டான்.''

''அப்புறம்?''

''அம்மா மோர்ப்பானைக்கு மூடி போட்டு வெச்சுது. நல்லாத்தான் மூடிச்சு. பல வருஷம் அப்படியே இருந்துச்சு. நான் வேலைக்குப் போய் லீவுல வந்து பாக்குறேன், பானையும் இல்ல, மூடியும் இல்ல. பழைய சாமான்காரன்.''

எஃப்.பி.ஐ. செங்கல்பட்டு ஜங்ஷனைச் சோதனை போடவில்லை. போட்டிருந்தாலும் மோர்ப்பானையைத் திறந்திருக்க மாட்டார்கள்.

''பாட்டு ஞாபகம் இருக்கா?''

மெதுவாக முனகினார். 'டட் டட்டா... டாஆ... டட்டட்டா.' எண்பது வருஷத்துக்கு முன்னால் பாதியில் எடுத்த பாட்டு, பாதி வரைக்கும் சுத்தமாக வந்தது. அதற்குமேல் நின்றுவிட்டது.

அன்றிலிருந்து எங்களுக்கு ஒரே வேலை. பெட்டியில் அறுபத்திரண்டு பாட்டு. ஒவ்வொன்றாகப் போடுவேன். அவர் மெஷினைத் திருகிக்கொண்டு கேட்பார். நாலு வரி கேட்டதும் சிக்னல் இறக்குகிற மாதிரி கையைக் கீழே இறக்குவார். ''இது இல்ல.'' மாமல்லபுரத்தில் ஐந்து ரதத்துக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்திவிட்டு இரண்டாவது ஸிடி கேட்டோம். எதிர்ப்பக்கம் ஒரு சிற்பப் பட்டறையில் உளிச்சத்தம். எல்லிங்டன் கோஷ்டியின் டிரம்ஸோடு அது அப்பப்போ சேர்ந்துகொண்டது. ''அந்தப் பையன் தாளம் விடாம அடிக்கிறான் பாரு'' என்றார். கல்லில் வெட்டினது 1,300 வருஷமாகக் கடலோரத்தில் நிற்கிறது. அரக்கிலும் பிளாஸ்டிக்கிலும் வெட்டினதுக்குத்தான் ஆள் காவல் வேண்டியிருக்கிறது.

கடலைப் பார்த்தபோது இன்னொன்றும் சொன்னேன். யுத்தத்தின்போது அக்கரையில், கொழும்பில், பட்டாளத்துக்காரர்களுக்கு இந்த டான்ஸ் பாட்டெல்லாம் போடுவதற்காக 'ரேடியோ ஸீயாக்' என்று ஒரு நிலையம் வைத்தார்கள். பெரிய பெரிய டிரான்ஸ்மிட்டர் நட்டார்கள். யுத்தம் முடிந்து சில வருஷத்தில் அத்தனையும் ரேடியோ சிலோன் கைக்கு வந்தது. நாம் காலையில் பல் தேய்த்துக்கொண்டே கேட்ட சினிமாப் பாட்டெல்லாம் அந்தப் பட்டாளத்துக் கம்பத்தில் ஏறி வந்ததுதான்.

''அப்ப அந்த சோல்ஜர் அங்க போயி இதே பாட்டை ரேடியோவுல கேட்டிருப்பான்'' என்றார் பெரியவர். ''நஷ்டம் அவனுக்கில்ல.''

மூன்றாவது ஸிடி போன ஞாயிற்றுக்கிழமை முடிந்தது. டோர்ஸி சகோதரர்கள் பாட்டுக்கு மட்டும் கை இறங்க நேரமாயிற்று. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். கடைசியில் தலையை ஆட்டினார்.

''ஜாடை இருக்குது. ஆனா அது இல்ல தம்பி. மொத்தம் எத்தினி பிளேட்டு போட்டானுங்க?''

''தொள்ளாயிரத்துச் சொச்சம்.''

''எல்லாம் கெடைக்குமா?''

''கொஞ்சம் கொஞ்சமா வெளிய வந்துகிட்டே இருக்குங்கய்யா.''

கண்ணை மூடிக்கொண்டு உதட்டுக்குள் கணக்குப் போட்டார். நாற்பது வருஷம் டைம்டேபிள் பார்த்த மனுஷர்.

''ஒரு நாளைக்கு ரெண்டு பிளேட்டுன்னா நானூத்தம்பது நாள். ஒரு வருஷம் மூணு மாசம். பரவால்ல, தாங்கும். நீ வரவழை.''